அம்பாசிடர் உள்வேலை: பழைய ரெக்சினைக் குப்பையில் போடாதீங்க

போன எபிசோடில் டிங்கர் வேலை, பெயின்ட் பற்றிப் பேசினோம். கேட்டவங்க நிறைய பேர் எழுதினது, "சரி, வண்டிக்கு உள்ளே என்ன பண்றது?" என்றுதான். இன்றைக்கு அதுதான். கதவு அட்டை, ரூஃப் துணி, சீட். என்னிடம் இருப்பது அப்பா ஓட்டிய 1977 அம்பாசிடர், மார்க் 3. அதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் என் தப்பு. வண்டியை ஒரு குஷன் கடையில் விட்டிருந்தேன், பெயர் வேண்டாம். மூணு நாள் கழித்துப் போனால் பழைய சீட் உறையும் மூணு கதவு ரெக்சினும் காணோம். "அதெல்லாம் கிழிஞ்ச குப்பை சார், தூக்கிப் போட்டுட்டோம்" என்றார்கள். டிரைவர் பக்கக் கதவில் அப்பாவோட முழங்கை பட்டுப் பட்டு வழுவழுன்னு ஆன ஒரு இடம் இருந்தது. அது போச்சு. சொல்லி வைக்காதது என் தப்புதான்.

மனசை விடுங்க, வேலைக்கே அது நஷ்டம். பழைய உறைதான் அளவு. தையல் எங்கே போகுது, பைப்பிங் எங்கே திரும்புது, அடியில் மடிக்க எவ்வளவு விட்டிருக்காங்க, எல்லாம் அதில்தான் இருக்கு. தையலைப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் காகிதத்தில் வைத்து வரைந்தால் அதே வடிவம் திரும்ப வரும். அது இல்லாமல் கண்ணளவில் வெட்டினார்கள். எங்க முன் சீட் ஓரம் இன்றைக்கும் கோணல்.

இப்போ கதவு. கதவு அட்டை என்பது ஒரு ஹார்ட்போர்டு, அதன்மேல் ரெக்சின். கீழ்ப்பக்கம் ஊறி உப்பி, அப்பளம் மாதிரி நெளிந்திருக்கும். உடனே புது அட்டை வெட்டிப் போடுவாங்க. ரெண்டு மழைக்காலம் தாங்காது. ஏன்னா கதவுக்குள்ளே தண்ணி வர்றது கோளாறே இல்லை. கண்ணாடி ஏறி இறங்குகிற இடைவெளியில் மழை கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். கதவின் அடியில் இருக்கிற ஓட்டைகள் வழியாக அது வெளியே போகணும். அந்த ஓட்டைகளை மண்ணும் துருவும் அடைத்திருக்கும். சில சமயம் புது பெயின்ட்டே அடைத்திருக்கும்.

அதனால் முதல் வேலை ஒரு கம்பியை விட்டு ஓட்டைகளைத் திறப்பது. அப்புறம் கண்ணாடி ஓரத்து ஃபெல்ட் தேய்ந்திருந்தால் மாற்றுங்க. தகரத்துக்கும் அட்டைக்கும் நடுவே கெட்டியான பாலிதீன் தாள் ஒட்டணும். தாளின் கீழ் ஓரத்தைக் கதவுக்குள்ளே செருகி விடணும், அப்போதான் வழிகிற தண்ணி அட்டைப் பக்கம் வராமல் உள்ளேயே விழும். இந்தத் தாளை ஏதோ ஒரு ரிப்பேரில் யாராவது கிழித்துப் போட்டிருப்பாங்க, திரும்ப ஒட்டியிருக்க மாட்டாங்க. புது அட்டைக்குப் பின்பக்கமும், ஓரங்களிலும், கிளிப் ஓட்டைகளைச் சுற்றியும் வார்னிஷ் அடிங்க. அட்டையை மாட்டும் முன்னால் கண்ணாடி மேல் ஒரு வாளித் தண்ணி ஊற்றிப் பாருங்க. தாளின் இந்தப் பக்கம் ஈரம் வந்தால் நிறுத்திடுங்க.

ரூஃப் துணியை மற்ற உள்வேலைக்கு முன்னாலேயே முடிச்சிடணும். சீட் இருந்தால் உள்ளே நிற்கவே முடியாது. பழைய வண்டிகளில் துணியின் பின்னால் தைத்த உறைகளுக்குள் வளைந்த கம்பிகள் போகும், துணி அதில்தான் தொங்கும். கம்பிகள் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனா நீளமும் வளைவும் வேற வேற. கழற்றும்போதே நம்பர் எழுதிக் கட்டுங்க. மேல் விளக்கு ஒயரை அப்பவே மாற்றிடுங்க, மூடினதுக்கு அப்புறம் அதுக்காகத் துணியைப் பிரிக்க வேண்டி வரும்.

சீட்டில் ஒரு விஷயம்தான். ஸ்பிரிங் கூடு, அதன்மேல் சாக்கு, அதன்மேல் நார், பஞ்சு என்று அடுக்கியிருப்பாங்க. "ஸ்பிரிங் எதுக்கு சார், ஃபோம் போட்டுடலாம்" என்பாங்க. வேண்டாம். உயரம் மாறும். தூக்கலா வந்தால் தொடை ஸ்டீயரிங்கில் இடிக்கும். உடைந்த ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி, சாக்கைப் புதுசாக்கினால் போதும்.

ரெக்சின் இன்னும் வளைந்து கொடுத்தால் காப்பாற்றலாம். மெல்லிய சோப்புத் தண்ணி, மென்மையான பிரஷ், அவ்வளவுதான். சின்னக் கிழிசலுக்குப் பின்னால் துணி வைத்து ஒட்டலாம். விறைத்து உடைய ஆரம்பித்ததை எந்த எண்ணெயும் மீட்காது. அதை மிருதுவாக வைத்திருந்த பொருள் வருஷக்கணக்கா வெயிலில் வெளியேறிப் போயிருக்கும். புதுசு வாங்கப் போகும்போது சீட்டுக்கு அடியில் மடிந்திருக்கிற துண்டை எடுத்துப் போங்க. வெயில் படாத அசல் நிறம் அதில்தான் இருக்கும்.

கடையில் எங்க வண்டியின் பின் இடது கதவில் மட்டும் இன்னும் கை வைக்கலை. அந்த ரெக்சினை நானே உரித்து, கழுவி, புது அட்டையில் ஒட்டினேன். மற்ற மூணு கதவோடும் நிறம் சேரலை. அம்மா ஏறினால் அந்தப் பக்கம்தான் உட்காருவாங்க.