பெயரும் பிரதியும்: ‘பெயர்க் கிறிஸ்தவர்’ என்ற சொல் குறித்து

1

ஒரு கேள்வியிலிருந்து தொடங்கலாம். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடியில் பஸ்ஸை விட்டிறங்கி உள்ளே நடந்தால் வரும் நூம்பலில் நான் குடியிருக்கிறேன். தெருமுனையில் இட்லிக்கடை போடும் அக்கா சென்ற மாதம் கேட்டார்: “தம்பி, நீ தமிழ் படிச்சவனாச்சே. பேர்க் கிறிஸ்தவங்கன்னா இன்னாப்பா? வேதம் வாசிக்காதவங்க எல்லாம் பேருக்குத்தான் கிறிஸ்தவங்கன்னு மீட்டிங்ல சொன்னாங்க. எங்கூட்ல நாலு பைபிள் கீது. எயுத்துதான் தெரியல.”

‘பைபிள் தேவை’ என்று சபைகள் பேசும்போது அது பெரும்பாலும் பிரதிகளின் எண்ணிக்கை பற்றிய பேச்சு. அக்காவின் கேள்வி வேறு. கையில் பிரதி இருப்பதற்கும் வாசிப்பு நிகழ்வதற்கும் இடையிலுள்ள தூரம் பற்றியது அது. அந்தத் தூரத்தைக் காட்டி ஒருவரின் பெயரைப் பறிக்கும் உரிமை யாருக்கு என்பது பற்றியதும்கூட.

2

தமிழகத்தில் பெயர்தான் முதலில் வந்தது. பிரதி பின்னால் வந்தது. 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை வேண்டிக் கூட்டங்கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542இல் சவேரியார் வந்தபோது அவர்களிடம் பெயர் இருந்தது, செபம் இல்லை. அவர் செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி மனப்பாடம் செய்வித்தார். 1578இல் கொல்லத்தில் அண்ட்ரிக் அடிகளார் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ பைபிள் அல்ல. செபங்களும் கட்டளைகளும் அடங்கிய 16 பக்கச் சிறுநூல். அடுத்த ஆண்டு கொச்சியில் அச்சான ‘கிரீசித்தியானி வணக்கம்’ கேள்வி–பதில் வடிவிலானது. கேள்வியும் நிறுவனத்தினுடையது, பதிலும் நிறுவனத்தினுடையது.

இந்த ஏற்பாட்டில் உடைப்பு நேர்ந்தது தரங்கம்பாடியில். 1706இல் வந்திறங்கிய சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அச்சில் முழுமையடைந்தது. இந்திய மொழிகளில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அது. விசுவாசி தானே வாசிக்க வேண்டும் என்ற லுத்தரன் நிலைப்பாட்டினால் அச்சகத்தோடு பள்ளிக்கூடமும் வந்தது. வேதத்தைக் காதால் கேட்கவும் கூடாது என்று தள்ளிவைக்கப்பட்டவர்கள் வாழ்ந்த நாட்டில் இது சாதாரணக் காரியமல்ல.

ஆனால் எந்தத் தமிழ்? வீரமாமுனிவர் தரங்கம்பாடித் தமிழைக் கேலி செய்தார். வேப்பேரியிலிருந்த பப்ரிசியஸ் 1772இல் புதிய பெயர்ப்பைத் தந்தார். அதை ரேனியஸ் திருத்த முயன்றபோது தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் எதிர்த்து நின்றார். பெர்சிவல் பாதிரியாரோடு ஆறுமுக நாவலர் உழைத்த பெயர்ப்பு 1850இல் வந்து, ஏற்கப்படாமல் போயிற்று. பவர் ஐயர் குழுவின் 1871ஆம் ஆண்டுப் பெயர்ப்புதான் இன்றும் பெரும்பாலான புராட்டஸ்டண்ட் வீடுகளில் இருப்பது. சருவேசுரன், பராபரன், தேவன், 1995இன் ‘திருவிவிலிய’த்தில் கடவுள் என ஒரே பொருளுக்கு எத்தனை சொற்கள்! இந்தச் சண்டைகள் எல்லாம் மிஷனரிகளுக்கும் புலவர்களுக்கும் உயர்சாதிக் கிறிஸ்தவர்களுக்கும் இடையே நடந்தவை. சபைகளில் பெருந்தொகையாக இருந்த சேரி மக்களிடம், ‘உங்களுக்கு இது புரிகிறதா’ என்று கேட்டவர்கள் குறைவு.

3

‘பெயர்க் கிறிஸ்தவர்’ என்ற குற்றச்சாட்டு நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. பிலிப்பைன்ஸை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கும் 1593இல் மணிலாவில் ஞானோபதேச நூல்தான் முதலில் அச்சாயிற்று. ஸ்பானியர் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆண்டும், தகலோக் மொழியில் லூக்கா சுவிசேஷம் அச்சேறியது 1898இல்தான். அதே ஆண்டு ஆட்சி அமெரிக்கர் கைக்கு மாற, பின்னால் வந்த புராட்டஸ்டண்ட் மிஷன்கள் பைபிள் இல்லாத கத்தோலிக்கரைப் பெயருக்குக் கிறிஸ்தவர் என்றன. இங்கே பைபிள் விநியோகம் காலனிய மாற்றத்தோடு கைகோத்து வருவது கவனிக்கத்தக்கது.

ஆனால் அந்த மக்கள் பிரதி இல்லாதவர்களா? தவக்காலத்தில் கூடி உட்கார்ந்து கிறிஸ்துவின் பாடுகளை இராகமிட்டு ஓதும் ‘பாசியோன்’ அவர்களிடம் இருந்தது. குடியானவர்கள் ஸ்பானியருக்கு எதிரான எழுச்சியைப் புரிந்துகொள்ளவும் பேசவும் அதிலிருந்தே மொழியை எடுத்தார்கள் என்பதை ரெய்னால்டோ இலெட்டோ 1979இல் வெளிவந்த தம் நூலில் விரிவாகக் காட்டினார். நம்மிடமும் பாஸ்கா நாடகங்கள், வாசாப்பு, ஒப்பாரி மெட்டில் பாடும் பாடுகளின் பாட்டுகள் உண்டு. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியின் தியாபிலஸ் அப்பாவு (‘பரட்டை’) நாட்டுப்புற இசையிலேயே வழிபாட்டை அமைத்தது இந்த வளத்தை அறிந்துதான்.

இதை வைத்து ‘வாய்மொழியே போதும், எழுத்து எதற்கு’ என்று சொல்லிவிட முடியாது. அப்படிச் சொல்வது எழுத்து தெரிந்த நமக்கு மிகச் சுலபம். அரவிந்த் நிர்மல் தலித் இறையியலை முன்வைத்தபோது உபாகமம் 26ஆம் அதிகாரத்தைத்தான் எடுத்துக்கொண்டார். நாடோடியாய் அலைந்த மூதாதையை நினைவுகூரும் அந்தப் பகுதியில் தலித்துகளின் வரலாற்றை வாசித்தார். பிரதியைத் தானே திறக்கத் தெரிந்ததால் நிகழ்ந்த வாசிப்பு அது. ஆகவே பைபிள் தேவை என்பது உண்மை. எழுத்தறிவும், புரியும் தமிழும், பொருள் சொல்லும் உரிமையும் சேராதபோது அந்தப் பிரதி அலமாரிப் பொருளாகிவிடுகிறது.

4

பெயரைப் பற்றிப் பேச இன்னொரு நிறுவனமும் உண்டு: அரசு. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என வரையறுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் சேர்க்கப்படவில்லை. தமிழகத்தில் கிறிஸ்தவரான தலித் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்படுகிறார். மதம் மாறினால் சாதி போய்விடும் என்பது சட்டத்தின் கற்பனை. எறையூரில் 2008இல் தலித் கத்தோலிக்கர் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்க நேர்ந்ததே, அது எதனால்?

எனவே பலர் ஏட்டில் இந்துவாகவும் வீட்டில் கிறிஸ்தவராகவும் வாழ்கிறார்கள். 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், ஞானஸ்நானம் பெற்றுத் தவறாமல் தேவாலயம் செல்பவர் இட ஒதுக்கீட்டுக்காக இந்து எனக் கோருவது அரசியலமைப்பின் மீதான மோசடி என்றது. இரண்டு தீர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சபை சொல்கிறது: உன்னிடம் பெயர் இருக்கிறது, விசுவாசம் இல்லை. நீதிமன்றம் சொல்கிறது: உன்னிடம் விசுவாசம் இருக்கிறது, ஆகவே அந்தப் பெயர் உனக்கில்லை. நடுவில் நிற்பது ஒரே ஆள். “எம் பொண்ணு சர்ட்டிபிகேட்ல இந்துதான் தம்பி. மீட்டிங்ல பேர்க் கிறிஸ்தவம்பாங்க, ஆபீஸ்ல பேர் இந்தும்பாங்க. அப்ப எது எம் பேரு?” என்றார் அக்கா.

5

பதில் என்னிடம் இல்லை. ஆனால் வாசிக்காதவர் என்று சொல்லப்பட்ட அவர், தண்ணி லாரிக்குக் குடத்தோடு நின்ற ஒரு காலையில் சமாரியப் பெண்ணின் கதையைச் சொன்னார். மகள் சத்தம்போட்டு வாசிக்கக் கேட்டது. அந்தப் பெண்ணுக்கு ஐந்து புருஷன் என்பதைத்தான் பாஸ்டர் அரை மணி நேரம் பேசினாராம். “அத்த வுடு தம்பி. அவ கையால தண்ணி குடிக்க மாட்டாங்கல்ல அந்த ஆளுங்க? இவரு குடுன்னு கேட்டாரு பாரு. அதான் கதையே.”

யோவான் 4ஆம் அதிகாரத்துக்கு இதைவிட நேரான உரையை நான் கேட்டதில்லை. சாதியும் தண்ணீரும் எங்கே சந்திக்கின்றன என்று அவருக்கு அகராதி பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. இப்போது மாலையில் கடை எடுத்து வைத்தபின் மகளிடம் எழுத்துப் படிக்கிறார். ‘அ’வில் தொடங்கவில்லை, தன் பெயரில் தொடங்கியிருக்கிறார்.