டிவிடெண்ட் போர்ட்ஃபோலியோ: ஈல்டைக் கடைசியா பாருங்க

முதல்லயே சொல்லிடறேன்: நான் கோடு எழுதிப் பிழைக்கிறவன், செபியில் பதிவு செஞ்ச ஆலோசகர் கிடையாது. இதில் வரும் கம்பெனிப் பேரெல்லாம் உதாரணத்துக்குத்தான்.

மேல்மலையனூர்ல என் சித்தப்பா மல்லாட்டை வியாபாரத்தை நிறுத்திட்டார். வயசு 60 தாண்டிடுச்சு, கையில 10 லட்சம். "டிவிடெண்ட் அதிகமா தர்ற பங்கா வாங்கிப் போட்டா பேங்க் வட்டி மாதிரி வந்துட்டே இருக்கும்லடா?" என்று கேட்டார். நிறைய பேர் மனசுல இருக்கிற கேள்வி.

பலரும் செய்றது, ஈல்டு அதிகமா இருக்கிற பங்குகளை வரிசைப்படுத்தி மேலே உள்ள பத்தை வாங்கறது. ஆனா ஈல்டு வெறும் வகுத்தல் கணக்கு. 100 ரூபாய் பங்கு வருஷத்துக்கு 4 ரூபாய் தந்தா 4 சதவீதம். அதே பங்கு 50 ரூபாய்க்கு விழுந்தா அந்த 4 ரூபாய் 8 சதவீதமா தெரியும். கம்பெனி ஒண்ணும் தாராளமாகிடல. வேதாந்தா 2022-23 நிதியாண்டுல பங்குக்கு 101.50 ரூபாய் தந்தது. 2022 ஏப்ரல்ல 400 ரூபாயைத் தாண்டியிருந்த பங்கு, 2023 செப்டம்பர்ல கிட்டத்தட்ட பாதி விலை. உச்சத்துல வாங்கினவருக்குக் கைக்கு வந்ததைவிட விலையில போனது அதிகம்.

அதனால முதல்ல பார்க்க வேண்டியது ஏற்ற இறக்கம். எங்க ஊர்ல அமாவாசை ராத்திரி அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்குக் கூட்டம் அலைமோதும். அன்னிக்கு மட்டும் கடை போடறவருக்கு ஒரே ராத்திரியில நல்ல காசு. மழை பிடிச்சா அவ்வளவுதான். உள்தெரு மளிகைக் கடைக்காரர் உப்பும் ஷாம்பு பாக்கெட்டும் தினமும் விக்கிறார். நமக்கு வேணும்கிறது அந்த மளிகைக் கடை. பங்குச் சந்தையில பவர் கிரிட் ஓரளவு அந்த ரகம்: மின்பாதைக்கான கட்டணத்தை மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையமே நிர்ணயிக்குது, அதனால வருமானத்தை முன்கூட்டியே ஓரளவு கணிக்கலாம்.

இதை அளக்கறது கஷ்டமில்ல. தினசரி விலை மாற்றத்தைச் சதவீதமா எடுத்து, ஒரு வருஷத்துக்கு அதோட திட்டவிலக்கம் பார்க்கணும். பிளஸ் டூ கணக்குதான், கூகுள் ஷீட்ஸ்ல பத்து நிமிஷ வேலை. அதுக்கும் சோம்பலா இருந்தா, நிஃப்டி 100 லோ வாலட்டிலிட்டி 30 இண்டெக்ஸைப் பாருங்க. பெரிய நூறு கம்பெனியில அலைச்சல் குறைவான முப்பதை அது பொறுக்கித் தருது. அதிலிருந்து, பத்து வருஷமா டிவிடெண்டை நிறுத்தாத, லாபத்துக்குள்ளேயே அதைக் கொடுக்கிற கம்பெனிகளை மட்டும் வச்சுக்கோங்க. 10 ரூபாய் சம்பாதிச்சு 12 ரூபாய் பங்கு போடற கம்பெனி எத்தனை நாளைக்குத் தாங்கும்? இவ்வளவும் முடிஞ்சப்புறம்தான் ஈல்டு.

அலைச்சல் குறைவுன்னா விழாதுன்னு அர்த்தமில்ல. 2020 மார்ச் 23 அன்னிக்கு நிஃப்டி ஒரே நாள்ல சுமார் 13 சதவீதம் சரிஞ்சது. அப்படி ஒரு நாள்ல நல்ல பங்கும் சேர்ந்துதான் இறங்கும்.

இப்போ சித்தப்பா கணக்கு. இப்படிப் பொறுக்கின கூடை 2.5 சதவீதம் தருதுன்னு வச்சுப்போம். 10 லட்சத்துக்கு வருஷம் 25,000 ரூபாய், அதாவது மாசத்துக்கு 2,100 கூட இல்ல. அதுவும் மாசா மாசம் வராது. 2025-ல் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 8.2 சதவீதம் தந்தது: வருஷம் 82,000, மூணு மாசத்துக்கு ஒரு தடவை. சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் வேண்டிய பணம் அங்கேதான் இருக்கணும்னு அவர்கிட்ட சொன்னேன். பங்குக்கு ரெண்டு லட்சம், அதுவும் ஏழெட்டு வருஷம் தொடாம இருக்க முடிஞ்சா மட்டும். அவருக்கு அவ்வளவு சந்தோஷமில்ல.

வரி பத்தி ஒரு வார்த்தை. 2020 ஏப்ரல்ல இருந்து டிவிடெண்ட் உங்க வருமானத்தோட சேர்ந்து உங்க ஸ்லாப் படி வரிக்கு வரும். 2025 ஏப்ரல்ல இருந்து ஒரு கம்பெனி வருஷத்துக்கு 10,000 ரூபாய்க்கு மேல தந்தா 10 சதவீதம் டி.டி.எஸ். பிடிக்கும். வரி கட்ட வேண்டியதில்லாத மூத்தவங்க அதுக்கான படிவத்தை முன்னாடியே அனுப்பிடுங்க.