சொனாட்டா மறைத்த பாட்டுகள்

மறந்துபோன மேதைகள் – 9

ரெபெக்கா கிளார்க்கின் வயோலா சொனாட்டா 1919-ல் அமெரிக்காவில் நடந்த கூலிட்ஜ் போட்டியில் எர்னஸ்ட் பிளாக்கின் படைப்போடு சமமாக நின்று, கடைசியில் இரண்டாம் இடத்துக்குப் போன கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். இன்றும் அவர் பெயரைச் சொன்னால் அந்த சொனாட்டாதான் பேசப்படுகிறது. என்னைக் கேட்டால், அவரை முழுசாகப் பார்க்க அவருடைய பாட்டுகளுக்குத்தான் போகவேண்டும்.

'ஆர்ட் சாங்' என்பது கவிஞர் எழுதி முடித்த கவிதைக்கு ஒரு குரல், ஒரு பியானோ என்று இசை எழுதுவது. நம் கச்சேரியில் வயலின் பாடகரின் நிழலாகக் கூடவே போகும். இங்கே பியானோ அப்படிப் பின்தொடர்வதில்லை. குரல் சொல்லாமல் விட்டதை அது சொல்லும். கிளார்க் இப்படி ஐம்பதுக்கும் மேல் எழுதினார். பதின்வயதில் ஜெர்மன் கவிதைகளில் தொடங்கினார். அவர் அம்மா ஜெர்மானியர். அப்பாவின் பிற பெண் தொடர்புகளைத் தட்டிக்கேட்டதற்காக 1910-ல் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். அதோடு லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக் படிப்பும் நின்றது. வயோலா வாசித்துத்தான் பிழைத்தார்.

1922-ல் எழுதிய 'தி சீல் மேன்' ஒன்று போதும், அவர் யாரென்று சொல்ல. ஜான் மேஸ்ஃபீல்டின் உரைநடைக் கதையிலிருந்து எடுத்த பகுதி அது. கடலிலிருந்து வந்த சீல் (கடல்நாய்) மனிதன் இரவில் ஒரு பெண்ணை அழைக்கிறான். அவள் வீட்டைவிட்டு அவன் பின்னே போகிறாள். அவள் தன்னைப்போல் நீரில் வாழமாட்டாள் என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை. மூழ்கிப்போகிறாள்.

இதில் பல்லவி கிடையாது, திரும்பி வரும் மெட்டும் கிடையாது. திண்ணையில் உட்கார்ந்து ஊர்ச்செய்தி சொல்பவரின் குரல் போலப் பாட்டு நகர்கிறது. பியானோதான் அலையாகப் புரண்டு எழும்புகிறது. சாவு வரும் இடத்தில் அதுவும் ஒதுங்கிக்கொள்ள, பாடகர் அந்தச் செய்தியை அழாமல், கூட்டாமல், தாழ்ந்த குரலில் சொல்லி முடிக்கிறார். பெரிய குரல் உள்ளவர்கள் இந்த இடத்தில்தான் நாடகமாடிக் கெடுப்பார்கள்.

கவிஞர் பிளேக்கின் புலிக் கவிதைக்கு 1929 முதல் 1933 வரை உழைத்தார். அந்தப் பாட்டில் வெளிச்சமே இல்லை. 1929-லேயே 'தி ஆஸ்பிடிஸ்ட்ரா' என்று ஒரு பகடி, வீட்டுத் தொட்டிச்செடி ஒன்றைக் கொலைசெய்வது பற்றி! இரண்டும் ஒரே கையிலிருந்து வந்தவை என்று நம்புவது கஷ்டம்.

பிறகு ஏன் மறந்தோம்? பெண் எழுதிய பாட்டு என்றால் வரவேற்பறைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கும் வழக்கம் அன்று இருந்தது. 1918-ல் நியூயார்க் கச்சேரி ஒன்றில் தன் படைப்புகளில் ஒன்றை மட்டும் 'ஆன்டனி ட்ரென்ட்' என்ற ஆண் பெயரில் போட்டார். விமர்சகர்களோ, உலகிலேயே இல்லாத ட்ரென்டைத்தான் அதிகம் கவனித்தார்கள். கிளார்க்கும் தன்னைத் தள்ளி நிறுத்திக்கொண்டார். 1944-ல் பியானோ கலைஞர் ஜேம்ஸ் ஃபிரிஸ்கினை மணந்தபின் எழுதுவது அநேகமாக நின்றது. காலையில் எழுந்ததும் முதல் நினைவாகவும் இரவில் கடைசி நினைவாகவும் இசை இருந்தாலொழிய தன்னால் எழுத முடியாது என்று பின்னாளில் சொன்னார்.

1976-ல் பியானோ கலைஞர் மைரா ஹெஸ் பற்றி விசாரிக்கக் கிளார்க்கிடம் போன நியூயார்க் வானொலிக்காரர் ஒருவர், எதிரே உட்கார்ந்திருக்கும் கிழவியே இசையமைப்பாளர் என்று கண்டுகொண்டார். அந்த ஆகஸ்டில் கிளார்க்குக்குத் தொண்ணூறு வயது. சொனாட்டா மறுபடி மேடை ஏறியது. பாட்டுகள் மெதுவாகத்தான் வந்தன. பல அவர் இறந்து வெகுகாலம் கழித்தே அச்சேறின.

'தி சீல் மேன்' இணையத்தில் கிடைக்கிறது. வரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். முதல் தடவை பிடிக்காவிட்டால் வேறொரு பாடகரிடம் கேட்டுப்பாருங்கள்.

(தொடரும்)