நாளைக்கு யார் வருவார்கள்?

மார்ச் மாதம் வந்துவிட்டால் வெள்ளவத்தையில் காலி வீதியின் முகமே மாறிவிடுகின்றது. கொடி கட்டிய வாகனங்கள் விரைகின்றன. பப்பரே வாத்தியத்தின் ஓசை ஒழுங்கைகளுக்குள்ளும் வந்து கேட்கின்றது. ரோயல் கல்லூரிக்கும் புனித தோமஸ் கல்லூரிக்கும் துடுப்பாட்டம்! 1879 ஆம் ஆண்டில் ஆசிரியரும் மாணவரும் கலந்தாடிய ஆட்டமாகத் தொடங்கிய போட்டி அது. அதைக் காண்பதற்குப் பாட்டனார், தந்தையார், மைந்தன் என மூன்று தலைமுறையினர் ஒன்றாகப் புறப்படுவதைக் காண்கின்றோம். யாழ்ப்பாணத்திலோ மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் 1904 ஆம் ஆண்டு முதல் மோதிவரும் ‘வடக்கின் பெருஞ்சமர்’ இருக்கின்றது. ஆட்டம் நடப்பது சில நாட்களே. அதைப் பற்றிய பேச்சு நடப்பதோ பல வாரங்கள்.

அத்தகைய ஒரு மார்ச் மாதத்து வெள்ளிக்கிழமை மாலை, எமது ஒழுங்கையில் வசிக்கும் பாடசாலை மாணவி ஒருத்தி எம்மை வழிமறித்தாள். கையிலே பை, பைக்குள்ளே சப்பாத்து.

“மாமா, நாளைக்கு எங்களுக்குக் கரப்பந்து மட்ச் இருக்கு. கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளோடை. நீங்கள் வருவீங்களோ?”

“அம்மா, அப்பா வருகினம்தானே?” என்று கேட்டோம்.

“அப்பாவுக்குக் கடை. அம்மாவுக்குத் தம்பியை ரியூசனுக்குக் கூட்டிக்கொண்டு போகவேணும்.”

திருத்தவேண்டிய விடைத்தாள்கள் ஒரு கட்டு இருந்தன. பார்ப்போம் என்று சொல்லி நழுவினோம். பார்ப்போம் என்ற சொல்லுக்கு வரமாட்டோம் என்பதே பொருள் என்பதை அப்பிள்ளையும் அறிவாள். அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

எதிர்பார்ப்பும் ஆட்டத்தின் ஒரு பாதி

ஆட்டம் என்பது ஆடுகளத்தில் மட்டும் நடப்பதன்று. ‘நாளைக்கு என்ன நடக்குமோ?’ என்று எண்ணுகின்றவர்கள் இருக்கும்போதே அது பெரிய ஆட்டமாகின்றது. கரப்பந்தாட்டம் அவ்வாறு எண்ணிப் பார்ப்பதற்கு மிகவும் ஏற்ற ஆட்டம்.

பதினெட்டு மீற்றர் நீளமும் ஒன்பது மீற்றர் அகலமும் உள்ள களம். நடுவிலே வலை, பெண்களுக்கு அதன் உயரம் 2.24 மீற்றர். ஒரு பக்கத்துக்கு அறுவர். பந்தைத் தமது பக்கத்து நிலத்திலே விழவிடாமல், மூன்று தொடுகைக்குள் எதிர்ப்பக்கம் அனுப்பவேண்டும். ஒருவரே அடுத்தடுத்து இருமுறை தொடலாகாது. ஆகையால் எத்துணைத் திறமைசாலியாயினும் தனியொருத்தியாக நின்று வெல்ல இயலாது. ஒருத்தி எதிரியின் பந்தை ஏற்கவேண்டும். மற்றொருத்தி பதமாகத் தூக்கிக் கொடுக்கவேண்டும். மூன்றாமவள் எழுந்து அறையவேண்டும். முதல் நான்கு சுற்றுகளில் 25 புள்ளியை இரண்டு புள்ளி வித்தியாசத்தோடு எட்டியவர் சுற்றை வெல்வர். இரண்டுக்கு இரண்டு என்று நின்றால் ஐந்தாம் சுற்று 15 புள்ளிக்கு.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. பந்தை முதலில் அனுப்பும் உரிமையை எதிரணியிடமிருந்து பெறும்போதெல்லாம் அறுவரும் கடிகார முள் சுற்றும் திசையிலே ஓரிடம் நகரவேண்டும். நெட்டையான ஆட்டக்காரி எப்பொழுதும் வலையோரம் நிற்க முடியாது. சிறிது நேரத்தில் பின்வரிசைக்குப் போயே தீரவேண்டும். அவள் பின்னே செல்லும் வேளையில் எதிரணியின் வலிய ஆட்டக்காரி முன்னே வந்து நிற்பாளோ? யாரை எந்த இடத்தில் நிறுத்தித் தொடங்குவது? ஆட்டத்தின் முதல்நாள் இரவு ரசிகர்கள் விழித்திருந்து கணக்கிடுவது இதைத்தான். கணக்குப் பிழைக்கலாம், கணக்கிடும் இன்பம் பிழைப்பதில்லை.

ஒரு நகரம் காத்திருந்த கதை

பெண்களின் கல்லூரிக் கரப்பந்தாட்டத்துக்காக ஊரே காத்திருக்குமா என்று ஐயுறுவோர் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தைப் பார்க்கவேண்டும். சோளமும் மாடும் நிறைந்த அந்த விவசாய மாநிலத்தின் தலைநகர் லிங்கன். அங்குள்ள பல்கலைக்கழகத்தின் மகளிர் அணி 1975 ஆம் ஆண்டில் தோன்றியது. கல்வி நிலையங்களில் பால் வேற்றுமை காட்டலாகாது என்று அமெரிக்கச் சட்டம் 1972 இல் விதித்திருந்தது. அச்சட்டம் பெண்களுக்கு ஆடுகளத்தைக் கொடுத்தது. பார்வையாளரைச் சட்டம் கொடுக்க முடியாதல்லவா? அவர்களைக் கொடுத்தவை லிங்கன் நகரத்துக் குடும்பங்களே. 2001 ஆம் ஆண்டிலிருந்து அவ்வணி தன் சொந்த அரங்கில் ஆடிய ஆட்டங்களுக்கெல்லாம் நுழைவுச் சீட்டுகள் முற்றாக விற்றுத் தீர்ந்து வந்திருக்கின்றன.

2011 இல் நெப்ராஸ்கா, ‘பிக் ரென்’ எனப்படும் பல்கலைக்கழகப் போட்டிக் கூட்டமைப்பிலே சேர்ந்தது. அங்கே அதற்கு வாய்த்த பெரும் போட்டியாளர் விஸ்கொன்சின் பல்கலைக்கழகம். 2021 ஆம் ஆண்டு டிசம்பரில் தேசிய இறுதி ஆட்டத்திலே இவ்விரு அணிகளும் சந்தித்தன. ஐந்து சுற்று வரை நீண்ட அந்த ஆட்டத்தில் விஸ்கொன்சின் மூன்றுக்கு இரண்டு என்று வென்று, முதன்முறையாகத் தேசிய வெற்றிக் கிண்ணத்தை எடுத்துச் சென்றது.

அந்தத் தோல்வியை லிங்கன் நகரம் மறக்கவில்லை. 2023 ஆம் ஆண்டு அக்டோபர் 21 ஆம் நாள் அதே விஸ்கொன்சின் லிங்கனுக்கு வந்தது. தேசத் தரவரிசையில் விஸ்கொன்சின் முதலாம் இடம், நெப்ராஸ்கா இரண்டாம் இடம். அந்தப் பருவத்தில் அதுவரை இரண்டும் தோல்வி காணாதவை. ரசிகருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! ஆட்டம் மீண்டும் ஐந்தாம் சுற்று வரை சென்றது. இம்முறை வென்றது நெப்ராஸ்கா.

அவ்வாண்டு ஆகஸ்ட் 30 ஆம் நாள் நடந்ததோ இதனினும் வியப்பு. அதே மாநிலத்தின் ஒமாகா அணியோடு ஆடுவதற்காக, அமெரிக்க உதைபந்தாட்டத்துக்கெனக் கட்டிய திறந்தவெளிப் பேரரங்கின் நடுவே கரப்பந்துக் களத்தை அமைத்தனர். வந்து கூடியோர் 92,003 பேர். மகளிர் விளையாட்டு ஒன்றைக் காணக் கூடிய கூட்டங்களுள் உலகில் அதுவரை பதிவானவற்றில் அதுவே மிகப் பெரியது என்று கூறப்பட்டது. முந்தைய ஆண்டில் பார்சிலோனாவில் மகளிர் உதைபந்தாட்டத்துக்குக் கூடிய 91,648 பேரின் கணக்கை அது விஞ்சியது. முழு மாநிலத்திலுமே ஏறத்தாழ இருபது இலட்சம் மக்கள்தாம் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்தத் தொகையின் பெருமை விளங்கும்.

ஆலைப் பெண்களின் வெற்றி

‘அமெரிக்கா செல்வம் உள்ள நாடு, அங்கே எதுவும் நடக்கும்’ என்று சிலர் சொல்லக்கூடும். ஆசியாவையே பார்ப்போம். 1964 ஆம் ஆண்டு தோக்கியோ ஒலிம்பிக்கிலேதான் கரப்பந்தாட்டம் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. ஒலிம்பிக்கில் பெண்கள் அணியாக ஆடிய முதல் ஆட்டமும் அதுவே. யப்பானிய அணியில் பெரும்பாலோர் நூல் நெசவு ஆலை ஒன்றின் ஊழியப் பெண்கள். பகலிலே வேலை, மாலையிலிருந்து நள்ளிரவு வரை பயிற்சி. போரினால் நலிந்து மீண்டெழுந்து கொண்டிருந்த அந்நாடு அவர்களுக்காகக் காத்திருந்தது. அக்டோபர் 23 ஆம் நாள் அவர்கள் சோவியத் அணியை மூன்றுக்குப் பூச்சியம் என்று வென்றபோது, தொலைக்காட்சி வழியே கண்டோர் விகிதம் 66.8 என்று கணக்கிடப்பட்டது. தேசம் முழுவதும் ஒரு குடும்பமாக அமர்ந்து அப்பெண்களைப் பார்த்தது என்றே சொல்லலாம்.

எமது மண்ணில்

கரப்பந்தாட்டம் எமக்குப் புதியதன்று. 1895 இல் அமெரிக்காவில் வில்லியம் மோர்கன் என்பவர் உருவாக்கிய இவ்வாட்டம், 1916 ஆம் ஆண்டில் கொழும்பு வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் வழியாக இலங்கைக்கு வந்து சேர்ந்தது. 1991 இல் இது இலங்கையின் தேசிய விளையாட்டு என்று பிரகடனம் செய்யப்பட்டது. ஒரு பந்து, ஒரு வலை, கொஞ்சம் மணல் நிலம் இருந்தால் போதும் என்பதனால் ஏழை எளிய கிராமத்திலும் இது வேரூன்றியது. யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் மின்னொளியில் நடைபெறும் சுற்றுப்போட்டிகளை அறியாதார் யார்? ‘ஓவர் கேம்’ என்று அங்கே தனியொரு முறையையே வளர்த்திருக்கின்றார்கள். மதிலிலும் மரத்திலும் ஏறி நின்று பார்ப்போர் உண்டு. ஆனால் அந்த ஆரவாரத்திலே பெரும்பங்கு ஆண்களின் ஆட்டத்துக்கே போய்விடுகின்றது.

எங்கள் பெண்களிடம் திறமை இல்லையா? கரப்பந்தின் அயல் ஆட்டமாகிய வலைப்பந்திலே பாருங்கள். யாழ்ப்பாண மண்ணில் பிறந்த தர்ஜினி சிவலிங்கம் இரண்டு மீற்றருக்கும் மேற்பட்ட உயரமுடையவர். எமது சமூகத்தில் பெண் பிள்ளை ஒருத்தி நெட்டையாக வளர்ந்தால் வீட்டார் வரனைப் பற்றியே கவலைப்படுவர். அந்த உயரத்தையே அவர் நாட்டின் செல்வமாக்கினார். 2009 இலும் 2018 இலும் இலங்கை அணி ஆசியக் கிண்ணத்தை வென்றபோது அவர் அதிலே ஆடினார். 2019 இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் 348 கோல்களை எய்தி, அத்தொடரில் அதிக கோல் எய்தவராக விளங்கினார். அவர் உலகப் புகழ் பெற்ற பின்னர் நாமெல்லாம் கைதட்டினோம். அவரைப்போல இன்று ஏதோ ஒரு பாடசாலை முற்றத்திலே ஆடும் சிறுமிக்கு யார் கைதட்டுகின்றார்கள்?

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் எமது குடும்பங்கள் கல்விக்காக எதையும் துறக்கத் துணிந்தவை. அது எமது பெருமை. ஆனால் சாதாரண தரப் பரீட்சை நெருங்கியதும் பெண்பிள்ளையின் சப்பாத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுகின்றோம். தம்பி துடுப்பை எடுத்துக்கொண்டு போனால் மன்னிக்கின்றோம். அக்கா பந்தை எடுத்தால் ரியூசனை நினைவூட்டுகின்றோம். ஆசிரியத் தொழிலில் நாம் கண்டது ஒன்று உண்டு. தோற்றபின் மறுநாளும் பயிற்சிக்கு வரப் பழகிய பிள்ளை, ஒரு பாடத்தில் தவறினாலும் இடிந்துபோய் உட்கார்ந்துவிடுவதில்லை.

92,003 பேரை நாம் கேட்கவில்லை. ஆளுக்கு ஒரு தாயோ தந்தையோ, ஒரு பாட்டியோ, அயலவர் ஒருவரோ வந்தால் போதும். முதல்நாள் இரவுச் சாப்பாட்டின்போது, ‘நாளைக்கு நீ எந்த இடத்தில் நிற்கப்போகிறாய்?’ என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். லிங்கன் நகரத்துக் கூட்டமும் இப்படித்தான் வீடு வீடாகச் சேர்ந்திருக்கும்.

எம்மை வழிமறித்த மாணவியின் கதையை முடிக்கவில்லையே! சனிக்கிழமை மாலை, விடைத்தாள்களை ஒருபக்கம் வைத்துவிட்டு வாசலில் நின்றோம். முழங்காலிலே சிராய்ப்பும் முகத்திலே வியர்வையுமாக அவள் வந்தாள்.

“வென்றனீங்களோ பிள்ளை?”

“வென்றிட்டம் மாமா. கடைசிச் சுற்றிலைதான்.” சற்றுத் தாமதித்து, “ஆனால் ஒருத்தரும் கத்தேல்லை. நாங்களே எங்களுக்குக் கத்தினம்,” என்றாள்.

ஒரு கட்டு விடைத்தாளுக்காக நாம் இழந்த ஆட்டம் அது. அடுத்த ஆட்டத்தின் திகதியைக் கேட்டு எமது நாட்காட்டியில் குறித்துக்கொண்டோம். அவள் தாயாரிடமும் தந்தையாரிடமும் சொல்லிவைத்திருக்கின்றோம். தந்தையார் அன்றைக்குக் கடையை ஒரு மணி நேரம் முன்னதாகச் சாத்துவதாக வாக்களித்திருக்கின்றார். நாமோ இப்பொழுதே, அவள் முன்வரிசைக்கு எப்பொழுது வருவாள் என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கிவிட்டோம்.