ஒரு கரண்டி உப்பு எத்தனை கிராம்?

தவளக்குப்பத்தில் மளிகைக் கடைக்குச் சென்று "உப்பு கொடுங்கள்" என்று கேட்டால், "கல்லுப்பா, தூளுப்பா?" என்ற கேள்விதான் முதலில் வரும். அண்மைக் காலத்தில் அக்கேள்வி இன்னும் நீண்டிருக்கிறது. இளஞ்சிவப்பு நிற இந்துப்பு ஒரு பக்கம், சோடியம் குறைத்த உப்பு மறுபக்கம். இவற்றுள் எது நல்லது என்று என் மாணவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஒரு கரண்டி உப்பு என்றால் எவ்வளவு உப்பு?

இக்கேள்வி எனக்கு எழுந்தது எங்கள் வீட்டு வத்தக்குழம்பில்தான். கல்லுப்பு தீர்ந்துபோன ஒரு நாளில் தூளுப்பைப் போட்டுச் சமைத்தார் அம்மா. குழம்பை வாயில் வைக்க முடியவில்லை. "நான் எப்பவும் போடற ரெண்டு கரண்டிதான்டா போட்டேன். இந்த உப்பு ரொம்பக் கரிக்குது" என்றார். தூளுப்புக்குக் காரம் அதிகம், கல்லுப்புக்குக் குறைவு என்று ஊரில் பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் இரண்டிலும் ஏறக்குறைய முழுவதும் இருப்பது ஒரே பொருள், சோடியம் குளோரைடு. ஒரே பொருள் எப்படி இருவேறு அளவில் கரிக்கும்?

மறுநாள் தராசை எடுத்தேன். 200 மில்லி லிட்டர் கொள்ளும் ஒரு டம்ளரில் தூளுப்பைத் தலைதட்டி நிறுத்தேன். ஏறக்குறைய 250 கிராம் வந்தது. அதே டம்ளரில் கல்லுப்பு 190 கிராம்தான். 5 மி.லி. கொள்ளும் தேக்கரண்டியில் தூளுப்பு 6 கிராம். கல்லுப்போ நான்கிலிருந்து நாலரை கிராம். ஆகவே அம்மாவின் கரண்டிக் கணக்கு மாறவில்லை. குழம்பில் விழுந்த உப்புதான் மூன்றில் ஒரு பங்குக்குமேல் கூடிவிட்டது. உங்கள் வீட்டு உப்பில் இந்த எண்கள் சற்று மாறலாம். நிறுத்துப் பாருங்கள்.

இடைவெளியின் கணக்கு

சோடியம் குளோரைடு படிகத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.16 கிராம். அப்படியானால் இடைவெளியே இல்லாத உப்புப் பாளமாக இருந்தால் அந்த டம்ளர் 432 கிராம் கொள்ளவேண்டும். நாம் கண்டது 250, 190. எஞ்சிய இடத்தை நிரப்பியிருப்பது காற்று. தூளுப்பு டம்ளரில் 58 விழுக்காடு உப்பு, 42 விழுக்காடு காற்று. கல்லுப்பு டம்ளரில் பாதிக்கும் மேல் காற்று!

"தூள் சிறியது, அதனால் நெருங்கி அடைகிறது. இதில் என்ன வியப்பு?" என்று கேட்கத் தோன்றும். வகுப்பிலும் இந்த விடைதான் முதலில் வரும். ஆனால் இது முழு விடையன்று. ஒரு பெரிய அண்டாவில் ஒரே அளவான கோலிக்குண்டுகளைக் கொட்டி நிரப்புவதாகக் கொள்வோம். குண்டுகள் அண்டாவின் பருமனில் அறுபது விழுக்காட்டையோ சற்று அதிகமாகவோ அடைத்துக்கொள்ளும். கோலிக்குப் பதில் ஒரே அளவான கடுகளவு குண்டுகளைக் கொட்டினாலும் அதே அறுபதுதான்! குண்டு சிறுத்தால் இடைவெளியும் சேர்ந்து சிறுக்கிறது. ஆனால் இடைவெளிகளின் எண்ணிக்கை பெருகிவிடுகிறது. அளவு மட்டும் மாறுவதால் அடைப்பு மாறுவதில்லை.

அப்படியானால் கல்லுப்பு ஏன் இலேசாக இருக்கிறது? காரணங்கள் மூன்று. முதலாவது, பாத்திரத்தின் சுவர். கரண்டியின் அகலமே இரண்டரை சென்டிமீட்டர்; உப்புக்கல் அரை சென்டிமீட்டர். சுவரையொட்டியும் மேற்பரப்பிலும் கற்களால் நிரப்ப முடியாத சந்துகள் மிகுதி. பாத்திரம் சிறுக்கச் சிறுக்க இப்பிழை பெருகும். இரண்டாவது, தூளுப்பில் சிறிதும் பெரிதுமான மணிகள் கலந்திருப்பதால் பெரியவற்றின் இடுக்கில் சிறியவை புகுந்துகொள்கின்றன. ஜல்லியோடு மணல் கலக்கும் கொத்தனாருக்கு இது தெரிந்த செய்தி. மூன்றாவது காரணம் கல்லுக்குள்ளேயே இருக்கிறது. உப்பளத்துப் பாத்தியில் வெயிலில் மெல்ல வளரும் படிகம் ஒழுங்கான திண்மமாக வளர்வதில்லை. பள்ளமும் படியுமாக வளர்ந்து, இடையிடையே உப்புநீரைத் தன்னுள் சிறைப்பிடித்துக்கொள்கிறது.

மூன்றாவது காரணத்துக்குச் சான்று நம் வீடுகளிலேயே உண்டு. திருஷ்டி சுற்றி அடுப்பில் போடும் உப்பு படபடவென வெடிக்கிறதல்லவா? கண்ணேறு வெடிப்பதாகப் பாட்டிமார் சொல்வார்கள். வெடிப்பது படிகத்துள் அடைபட்ட நீர்தான். சூட்டில் அது ஆவியாகி, வெளியேற வழியின்றிக் கல்லைப் பிளக்கிறது. நன்கு உலர்த்திய நுண்ணிய தூளுப்பை அதே அடுப்பில் தூவினால் அந்த ஆரவாரம் இராது. பாட்டி கல்லுப்பை எடுத்ததில் பௌதிகம் இருந்தது எனலாம்.

காற்றிடைவெளியை நேரடியாக அளக்கவும் எளிய வழி உண்டு. டம்ளர் நிறைய உப்பை இட்டு, இடைவெளி நிறையும்வரை ஒரு திரவத்தை ஊற்றி, எவ்வளவு செல்கிறது என்று பார்க்கவேண்டும். தண்ணீரை ஊற்றினால் உப்புக் கரைந்துவிடும். உப்பைக் கரைக்காத திரவம் எது? தெவிட்டிய உப்புக் கரைசல்! நூறு மி.லி. நீரில் 40 கிராம் உப்பைப் போட்டுக் கலக்குங்கள். 36 கிராம் அளவுதான் கரையும். எஞ்சியது அடியில் தங்கும். மேலே தெளிந்திருக்கும் கரைசலால் இனி உப்பைக் கரைக்க இயலாது. இதை அளவு குவளையிலிருந்து கல்லுப்பு டம்ளரில் மெதுவாக ஊற்றினேன். 110 மி.லி. அளவுக்கு உள்ளே சென்றது. தராசு சொன்னதும் அதுவே. தூளுப்பில் இச்சோதனை அவ்வளவு நன்றாக அமையாது. காற்றுக் குமிழ்கள் சிக்கிக்கொள்ளும், தூளும் அமுங்கும்.

கரண்டியை நம்பும் இடம்

குழம்பு கரித்தால் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம். ஆனால் வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு வீட்டில் கலக்கும் உப்பு–சர்க்கரைக் கரைசலில் அப்படிச் செய்ய முடியாது. ஒரு லிட்டர் தூய நீர், தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு என்பது அதற்கான அளவு. இந்த அரைக் கரண்டி தூளுப்பையே குறிக்கும். அது ஏறத்தாழ 3 கிராம். குவித்து எடுத்தால் நாலரை, ஐந்து கிராம் என்று ஏறிவிடும். அளவு மீறிய உப்பு, நீரிழந்த குழந்தையின் இரத்தத்தில் சோடியத்தை உயர்த்தி ஆபத்தை விளைவிக்கும். கல்லுப்பிலோ அரைக் கரண்டி என்பது சில கற்கள்தாம், தலைதட்டவே வழியில்லை. உப்புக் குறைந்தால் கரைசல் தன் வேலையைச் செய்யாது. வீட்டில் கல்லுப்புத்தான் இருக்கிறதென்றால் அம்மியிலோ உரலிலோ நன்கு பொடித்து அளக்கவேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் கிடைக்கும் பொட்டலம் எல்லாவற்றிலும் மேல்; அதனுள் இருப்பது நிறுத்து இட்ட உப்பு.

நாள் ஒன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தூளுப்பில் இது ஒரு தேக்கரண்டிகூட ஆகாது. கல்லுப்பில் அதே கரண்டி சற்றுக் கூடுதலாகவே இடம் தரும். கல்லுப்புக்கு மாறியபின் இரத்த அழுத்தம் குறைந்தது என்று யாரேனும் சொன்னால், அவர் கரண்டிக் கணக்கை மாற்றாமல் உப்பைக் குறைத்துவிட்டார் என்பதே பெரும்பாலும் பொருளாக இருக்கும்.

முட்டையும் மரக்காணமும்

கரண்டி பொய் சொல்லும் என்றால், எதை அளப்பது? கரைந்த பின் அளப்பது ஒரு வழி. கரைந்துவிட்டால் கல் ஏது, தூள் ஏது?

பாகூர்ப் பக்கத்து நெல் விவசாயிகளுக்கு இம்முறை பழக்கமானது. விதை நெல்லில் பதரையும் அரைமணியையும் பிரிக்க உப்புநீரில் இடுவார்கள். நீரில் எவ்வளவு உப்பு? ஒரு புதிய கோழிமுட்டையைப் போட்டு, அதன் தலை காசளவு வெளியே தெரியும்வரை உப்பைக் கரைக்கவேண்டும். புதிய முட்டையின் அடர்த்தி 1.08 அளவில் இருக்கும். நூற்றுக்குப் பதினொரு பங்கு உப்புள்ள கரைசலின் அடர்த்தியும் அதுவே. பத்து லிட்டர் நீருக்கு ஒன்றேகால் கிலோ என்று கொள்ளலாம். எந்த உப்பு, எத்தனை படி என்ற கேள்விக்கே இடமில்லாமல் முட்டை விடை சொல்லிவிடுகிறது. முட்டை பழையதாக இருந்தால் மட்டும் ஏமாற்றும். உள்ளே காற்றறை பெருத்துவிட்ட முட்டை வெறும் நீரிலேயே மிதக்கும்.

முட்டையின் வேலையைச் செய்யும் கருவிதான் திரவமானி. புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் வழியாகச் செல்வோர், சாலையை ஒட்டிய உப்பளங்களைக் காணத் தவறமாட்டார்கள். உப்புத் தொழிலில் நீரின் வளர்ச்சியைப் 'போமே டிகிரி'யில் சொல்வது வழக்கம். 1768இல் அந்துவான் போமே என்ற பிரெஞ்சு மருந்தியலார் வகுத்த அளவு இது. தூய நீரில் திரவமானி நிற்கும் இடம் சுழி. 15 பங்கு உப்பும் 85 பங்கு நீரும் கலந்த கரைசலில் அது நிற்கும் இடம் 15. இடைப்பட்டதைச் சமமாகப் பிரித்தார். ஆகவே போமே டிகிரி என்பது ஏறக்குறைய உப்பின் விழுக்காடேதான். கடல்நீர் மூன்று, மூன்றரை டிகிரியில் தொடங்கும். பாத்தி பாத்தியாக மாறிச் செறிவடைகையில், இடைவழியில் ஜிப்சம் படிந்துவிடும். 25 டிகிரியை எட்டும்போது உப்புப் பூக்கத் தொடங்கும். முப்பதை நெருங்குமுன் எஞ்சிய நீரை வடித்துவிடவேண்டும். அதில் கசப்பான மக்னீசிய உப்புகள் மிகுந்திருக்கும்.

வீட்டிலும் ஒரு திரவமானி செய்யலாம். குளிர்பானம் உறிஞ்சும் குழலின் ஒரு முனையை மெழுகால் அடைத்து, உள்ளே சிறிது மணலிட்டு, நீரில் 10 செ.மீ. மூழ்கி நிமிர்ந்து மிதக்குமாறு செய்யுங்கள். போமே செய்தபடியே 15 கிராம் உப்பை 85 கிராம் நீரில் கரைத்து அதில் மிதக்கவிட்டால் ஒன்பது செ.மீ. அளவே மூழ்கும். தெவிட்டிய கரைசலில் 8.3 செ.மீ. ஊறுகாய் உப்புநீருக்கு இது போதும். ரசத்துக்கு உதவாது. ரசத்தில் உப்பு நூற்றுக்கு ஒரு பங்கு அளவே; குழல் ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. அங்கே நாக்குதான் நுட்பமான கருவி.

ஈரமும் அயோடினும்

நிறுத்து வாங்கினாலும் ஒரு பிழை எஞ்சுகிறது. மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடி கசிவதைக் காண்கிறோம். தூய சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால்தான் நீர்விடும். மக்னீசியம் குளோரைடோ 33 விழுக்காட்டிலேயே தொடங்கிவிடும். கழுவிச் சுத்திகரிக்காத கல்லுப்பின் மேல் ஒட்டியிருக்கும் இந்த மக்னீசியமே கசிவுக்கு முதற்காரணம். நூறு கிராம் கல்லுப்பைப் பொடித்து, வெறும் வாணலியில் வறுத்து, ஆறியதும் மூடிவைத்து நிறுத்துப் பாருங்கள். குறைந்த எடை, நாம் காசு கொடுத்து வாங்கிய தண்ணீர்.

அயோடினை மட்டும் இவ்வழிகளில் அறிய முடியாது. கடையில் வாங்கும் அயோடின் உப்பில் பத்து இலட்சம் பங்குக்கு 15 பங்கேனும் அயோடின் இருக்கவேண்டும் என்பது சட்டம். அதாவது கிலோவுக்கு 15 மில்லிகிராம். இதைத் தராசும் காட்டாது, நாக்கும் காட்டாது. வேதியியல் ஆய்வகத்தில் தரம்பார்த்துத்தான் சொல்லவேண்டும். இது பொட்டாசியம் அயோடேட்டாக உப்பில் சேர்க்கப்படுகிறது. கல்லுப்பில் அது கல்லின் மேற்புறத்திலேயே இருப்பதால், உப்பைக் கழுவினாலும் கசிந்த நீரை வடித்தாலும் அயோடினும் உடன் போய்விடும். இந்துப்பின் இளஞ்சிவப்பு இரும்பினால் வந்தது. அதிலுள்ள பிற தாதுக்களின் அளவு பேசத்தக்கதன்று. அயோடின் சேர்த்ததாக உறையில் அச்சிட்டிருந்தாலன்றி அதில் அயோடினை எதிர்பார்க்கவும் கூடாது. சோடியம் குறைத்த உப்பில் ஒரு பகுதி பொட்டாசியம் குளோரைடு. சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது.

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னபோது, "எங்க ஆத்தா உப்புத் தண்ணிதானே ஊத்துவாங்க" என்றார். ஒரு பீங்கான் ஜாடியில் கல்லுப்பைக் கரைத்து, மண்ணும் தூசும் அடியில் தங்கியபின் தெளிவை எடுத்து ஊற்றுவது பாட்டியின் வழக்கமாம். அழுக்கு நீங்கவேண்டும் என்பதற்காகச் செய்தது. ஆனால் ஜாடியின் அடியில் கரையாத உப்பு இருக்கும்வரை மேலே நிற்பது தெவிட்டிய கரைசல். வெயிலிலும் குளிரிலும் அதன் செறிவு மிகச் சிறிதே மாறும். கல்லுப்பைப் போட்டாலும் தூளுப்பைப் போட்டாலும் அதில் ஒரு தேக்கரண்டிக்கு 1.6 கிராம் உப்பு. எங்கள் அடுப்படியில் இப்போது அப்படியொரு ஜாடி இருக்கிறது. வத்தக்குழம்புக்கு ஐந்து கரண்டி.