கதிர்ப்படவியற் கல்வி

மருத்துவபீட அனுமதிக்குச் சிறிது குறைந்ததும், "எல்லாம் போயிற்று, சேர்" என்று கண்கலங்கி நிற்கும் மாணவரைக் கல்முனைப் பகுதியில் நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கதிர்ப்படவியற் பட்டநெறியை எடுத்துரைத்தாலோ, "படம் பிடிக்கவும் நான்கு ஆண்டுகளா?" என வினவுகின்றனர்.

1895இல் ரொன்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்து, தம் மனைவியாரின் கையெலும்புகளைப் படமாக்கினார். அக்கதிரின் தீமையை அன்று எவரும் அறியார். முதற் றலைமுறையினருட் சிலர் விரலிழந்தனர். சிலர் உயிரையே இழந்தனர். ஆதலாற்றான் படமெடுப்போர்க்குப் பௌதிகவறிவு இன்றியமையாததாயிற்று. கதிர்மூலத்திலிருந்து இருமடங்கு தூரம் விலகின், படும் கதிர் நாலிலொன்றாகக் குறையும், ஈயத்தடுப்பும் காக்கும். நோயாளிக்கோ விலகிநிற்க வழியில்லை. அவருடலிற் படும் கதிரை, தெளிவான படத்துக்குப் போதுமானதாகவும் அதற்கு மேற்படாததாகவும் அளந்து செலுத்துபவர் கதிர்ப்படவியலாளரே. படம் பிழைத்தால் மறுமுறையும் கதிர் பாய்ச்சவேண்டும்.

நோயாளி சற்றே அசைந்தாலும் படம் மங்கும். பாடங்கள் ஆங்கிலத்தில் நடைபெறுவதால் நம் பிள்ளைகள் முதலாண்டில் இடர்ப்படுவர், அதனை மறைப்பதற்கில்லை. ஆயினும் நெஞ்சுப்படத்துக்கு வந்து நடுங்கி நிற்கும் மூதாட்டியிடம், "மூச்சப் புடிங்க உம்மா, இப்ப விடுங்க" என்று அவர் பேச்சிலேயே சொல்ல அவர்கட்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.