புது காருக்கு மேக்கப் தேவையா பாஸ்?

"பெயின்ட் ப்ரொடெக்‌ஷன் போட்டுடலாமா சார்?" புது கார் எடுக்கும்போது ஷோரூம்ல இந்தக் கேள்வி வரும். அப்பா தலையாட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

ஒரு காலத்தில் டெஃப்லான், இப்போ செராமிக். பெயின்ட்டின் மேல் அடுக்கான கிளியர் கோட் சுமார் 40 மைக்ரான். அதன் மேல் பூசுற செராமிக், ஓரிரு மைக்ரான்தான். தண்ணி உருண்டோடும், பளபளக்கும், கழுவுறது ஈஸி. ஆனா, கீறலைத் தடுக்குற கவசம் இல்லை.

அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் இருக்கு. நிலக்கரிச் சாம்பல்ல சிலிக்கா அதிகம். கார்ல படிஞ்ச சாம்பலைக் காய்ஞ்ச துணியால துடைச்சா, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்ச கதைதான்... கோட்டிங் இருந்தாலும்! முதல்ல தண்ணி அடிங்க. அப்புறம் ஷாம்பு, மைக்ரோஃபைபர் துணி. அப்பப்போ வாக்ஸ்.

அப்படியும் ஆசையா? என்ன பொருள், எத்தனை வருஷ உத்தரவாதம்னு எழுதி வாங்குங்க. வெளியில ரேட் விசாரிச்சுட்டு, அப்புறம் பர்ஸைத் திறங்க!